இறுகிய கன்னத்தில் எழுந்த புற்று: தொடுப்பிழையப் புரதங்களை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

முல்லைத்தீவு மாவட்டத்து வயற்கிராமம் ஒன்றைச் சேர்ந்த 54 வயதுக் கமக்காரர். இடது கன்னத்தின் உட்பக்கத்தில் மூன்று மாதமாக ஆறாத புண். அதற்கு வருடக்கணக்கில் முன்பிருந்தே காரம் பட்டால் வாய் எரிவு. பிறகு மெல்ல மெல்ல வாய் திறப்பதும் குறைந்தது. “புட்டைக் குழைச்சு வாய்க்குள்ள வைக்கவே கஷ்டமாக் கிடக்கு, டொக்டர்” என்பது முறைப்பாடு.

(இது ஒரே ஆளின் மருத்துவக் குறிப்பு அல்ல. வன்னியில் வாய்நோய்க் கிளினிக்குகளுக்கு வருவோரிடம் திரும்பத் திரும்பக் காணும் அம்சங்களைச் சேர்த்துக் கற்பித்தலுக்காக அமைத்த நிகழ்வு. நோயாளியின் வயதும் அளவுகளும் அவ்வாறே அமைத்தவை.)

இப்படி வருபவரிடம் “ஐயா, வெத்திலை போடுறனீங்களோ?” என்று கேட்டால், “அது விட்டுக் கனகாலம்” என்பார். கேள்வி அத்தோடு நின்றுவிடக் கூடாது. வெற்றிலை, புகையிலை, சுண்ணாம்பு, பாக்கு, சுருட்டு, சாராயம் என ஒவ்வொன்றையும் தனித்தனியே கேட்க வேண்டும். இவர் வெற்றிலையையும் புகையிலையையும் விட்டவர்தான். ஆனால் சீவலை மடியில் வைத்து, வயலில் நிற்கும் நேரமெல்லாம் மென்றுகொண்டிருந்தார். புகையிலை சேராவிட்டால் பாக்கில் பாதகமில்லை என்று நம்புவோர் பலர். பாக்குத் தனியாகவே மனிதரில் புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் அதை முதலாம் தொகுதியில் சேர்த்தது. இலங்கை ஆண்களிடையே வாய்ப்புற்று முன்னணியில் நிற்பதற்குப் பாக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று.

சோதனையில், மேல் கீழ் வெட்டும் பற்களின் விளிம்புகளுக்கிடையே வேணியர் இடுக்கியால் அளந்த வாய்த்திறப்பு 24 மில்லிமீற்றர். 35க்குக் குறைந்தாலே அதைக் குறைவாகக் கொள்ள வேண்டும். இரு கன்னங்களும் வெளிறியிருந்தன. ஆட்காட்டி விரலை உள்ளேயும் பெருவிரலை வெளியேயும் வைத்துக் கன்னத்தைப் பிடித்தால், கடைவாய்ப் பற்களின் எதிரே மேலிருந்து கீழாகக் கயிறுபோல் நார்ப்பட்டிகள் தட்டுப்பட்டன. வாய்ச் சீதமென்சவ்வின் கீழான நார்ப்பெருக்கம் இது. புண் 18 மில்லிமீற்றர் அகலம். விளிம்பு தடித்து உருண்டிருந்தது. அடிப்பகுதியின் இறுக்கமோ பட்டியின் இறுக்கத்திலிருந்து வேறுபட்டது. பட்டிக்கு நீளமும் திசையும் உண்டு, புண்ணின் அடி எல்லாப் பக்கமும் கட்டியாக இருந்தது. கழுத்தில் நிணநீர்க்கணு கைக்குத் தட்டுப்படவில்லை.

ஒரே கன்னத்தில், சில சென்ரிமீற்றர் இடைவெளிக்குள், இருவகை இறுக்கங்கள். இரண்டிலும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உண்டு. ஒன்று பல ஆண்டுகளாகக் கூடிய தழும்பு, மற்றது புற்று தனக்காகக் கட்டுவித்த இழையம். “கொலாஜன் கூடியிருக்கிறது” என்ற ஒரு வரி இரண்டையும் பிரித்துக் காட்டாது. எந்தக் கொலாஜன், எப்படிப் பின்னப்பட்டது, எந்தத் திசையில் ஓடுகிறது, அதோடு வேறெந்தப் புரதங்கள் வந்து சேர்ந்தன என்று பார்த்தால்தான் பிரிவு தெரியும்.

மாதிரி எடுத்தல்

இரண்டு துண்டுகள் எடுக்கப்பட்டன. முதலாவது புண்ணின் விளிம்பிலிருந்து. நடுவில் எடுத்தால் செத்த இழையமும் அழற்சியும்தான் வரும். விளிம்பில், பக்கத்து மேலணி (வாயின் உட்பரப்பை மூடும் கலப்படை) ஒரு சிறுபகுதி சேர, குறைந்தது 5 மில்லிமீற்றர் ஆழத்துக்கு எடுக்க வேண்டும். மேலோட்டமாகச் சீவிய துண்டில் மேலணி மட்டும் இருக்கும். கீழே ஊடுருவியதா என்று எவராலும் சொல்ல முடியாது. இரண்டாவது, புண்ணிலிருந்து 2 சென்ரிமீற்றர் தள்ளி, வெளிறி இறுகிய பகுதியிலிருந்து. இது ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்ததல்ல. பாக்குப் பட்ட வாய் முழுதுமே ஆபத்துப் புலம், அங்கும் கலமாற்றம் (புற்றுக்கு முந்திய கலக் கோளாறு) தொடங்கியிருக்கலாம். விறைப்பூசியைப் புண்ணுக்குள்ளேயே குத்தினால் திரவம் நார்களைப் பிரித்து வெற்றிடங்களை உண்டாக்கும். அதனால் சுற்றிலும் குத்த வேண்டும். துண்டைப் பல்லுள்ள இடுக்கியால் நசுக்கினால் கலங்கள் இழுபட்டு நீலக் கோடுகளாகத் தெரியும், விளிம்பில் தையல் நூல் ஒன்றைப் போட்டுத் தூக்குவது நல்லது. எடுத்ததும் வெட்டுமுகம் கீழே இருக்கும்படி சிறு அட்டைத்துண்டில் ஒரு நிமிடம் ஒட்டவிட்டால் சுருளாது.

வன்னியில் மாதிரி கெடுவது பெரும்பாலும் இதற்குப் பிறகுதான். வைத்தியசாலைக்கும் ஆய்வுகூடத்துக்கும் இடையே நீண்ட பாதை, நடுவில் வெயில். 10 வீதத் தாங்கற் போமலின் ஒரு லீற்றர் வேண்டுமானால்: கடையில் வரும் செறிந்த போமலின் 100 மில்லிலீற்றர், காய்ச்சிவடித்த நீர் 900 மில்லிலீற்றர், சோடியம் ஈரைதரசன் பொசுபேற்று ஓரைதரேற்று 4 கிராம், நீரற்ற இருசோடியம் ஐதரசன் பொசுபேற்று 6.5 கிராம். உப்புகளை விட்டுவிட்டு வெறும் நீரில் கரைத்த போமலின் நாட்போக்கில் போமிக் அமிலமாகிப் புளிக்கும். அமிலத்தில் ஈமோகுளோபின் சிதைந்து கபில நிறப் பொடியாக இழையத்தில் படியும். அந்தப் பொடி முனைவாக்கிய ஒளியில் (ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டிய ஒளியில்) தானும் ஒளிரும். கொலாஜனை அதே ஒளியில் பார்க்கப் போகிறவருக்கு இதைவிடத் தொல்லை வேறில்லை. துண்டின் கனவளவைப்போல் 10 முதல் 20 மடங்கு திரவம், வாயகன்ற போத்தல், 6 மணிக்குக் குறையாமலும் 72 மணிக்கு மேற்படாமலும் பதப்படுத்தல். பெயரை மூடியில் எழுதக் கூடாது, மூடி மாறும். போத்தலின் உடலில் பென்சிலால் எழுதிய சீட்டை ஒட்ட வேண்டும். சேலைனில் நனைத்த துணியில் சுற்றி அனுப்பிய துண்டு வழியிலேயே அழுகத் தொடங்கிவிடும். பிரீசரில் வைத்ததில் பனிப்பளிங்குகள் நார்களைக் கிழித்திருக்கும்.

நல்ல இழையம்

ஒப்பீட்டுக்கு ஆரோக்கியமான இழையமும் வேண்டும். ஞானப்பல் அறுவையில் கழிக்கப்படும் சீதமென்சவ்வு, சம்மதம் பெற்று எடுத்தால் பயன்படும். ஆனால் முரசின் தொடுப்பிழையம் (மேலணியின் கீழே அதைத் தாங்கும் நார் இழையம்) இயல்பிலேயே கன்னத்தினதைவிட அடர்த்தியானது. கன்னப் புற்றை முரசோடு ஒப்பிட்டு “கொலாஜன் குறைந்துள்ளது” என்று முடிவெடுப்பது பிழை. ஒரே இடத்து இழையத்தோடு ஒரே இடத்து இழையத்தையே ஒப்பிட வேண்டும்.

நல்ல கன்னத்தில் மேலணிக்கும் தொடுப்பிழையத்துக்கும் நடுவில் அடித்தள மென்சவ்வு முறியாத கோடாக ஓடும். அதன் வலை நான்காம் வகைக் கொலாஜனும் லமினின் என்ற புரதமும். ஏழாம் வகைக் கொலாஜன் அதைக் கீழே நங்கூரமிடும். அதற்குக் கீழே மெல்லிய நார்கள், மூன்றாம் வகைக் கொலாஜன் கணிசமாக. இன்னும் ஆழத்தில் முதலாம் வகையின் தடித்த கற்றைகள். முள்ளந்தண்டுளிகளில் இதுவரை 28 வகைக் கொலாஜன் அறியப்பட்டுள்ளன, ஆயினும் வாயின் வலிமை பெரிதும் இந்த முதலாம் வகையிலேயே தங்கியிருக்கிறது. அதன் மூலக்கூறு மூன்று சங்கிலிகள் முறுக்கிய புரி: இரண்டு அல்பா 1, ஒன்று அல்பா 2. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கிளைசீன். விற்றமின் சி இருந்தால்தான் புரோலீன் ஐதரொட்சிப்புரோலீனாகி முறுக்கு நிலைக்கும். கலத்துக்கு வெளியே லைசில் ஒக்சிடேஸ் என்ற நொதியம் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைக்கும், அந்த நொதியத்துக்குச் செம்பு வேண்டும். எலாஸ்டின் நார்கள் மீள்தன்மையைக் கொடுக்கும். டெக்கோரின் என்ற புரதம் கற்றைகளின் தடிப்பை ஒழுங்காக்குவதோடு, வளர்ச்சிக் காரணியான ரி.ஜி.எவ். பீற்றாவைப் பிடித்து வைக்கவும் செய்யும்.

பாக்கு அதில் செய்தது

இரண்டாவது துண்டில் மேலணி மெலிந்திருந்தது. அதன் கீழே குருதிக்கலன்கள் அருகி, கொலாஜன் கண்ணாடிபோல் ஒருசீராக இறுகி, தசைநார்களுக்கிடையிலும் புகுந்திருந்தது. கலமாற்றம் மிதமான அளவில் இருந்தது.

பாக்கு இதைப் பல வழிகளால் ஒரே நேரத்தில் செய்கிறது. அரிகோலின் முதலான அல்கலொயிட்டுகள் நார் அரும்பர்களை (கொலாஜனை ஆக்கும் கலங்களை) ரி.ஜி.எவ். பீற்றா வழியாகத் தூண்டிக் கொலாஜனைக் கூட்டுகின்றன. பாக்கிலுள்ள செம்பு லைசில் ஒக்சிடேசுக்கு உதவிக் குறுக்குப் பிணைப்பைக் கூட்டுகிறது. தனின்களும் கற்றெச்சின்களும் கொலாஜனில் ஒட்டி, கொலாஜனேசு என்ற நொதியம் அதை வெட்டவிடாமல் தடுக்கின்றன. வெட்டும் நொதியங்களை அடக்கும் புரதங்களும் கூடுகின்றன. ஆக்கம் கூடி அழிவு குறைந்தால் இழையம் இறுகும். பாக்கை விட்டால் மேலும் இறுகுவது குறையும். ஏற்கெனவே பிணைந்த நார் தானாக அவிழாது. இத்தகைய நோயாளிகளை எர்ணாகுளத்தில் 17 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வில் 7.6 வீதத்தினரில் புற்று தோன்றியது. அந்த ஆய்வு 1985இல் வெளியானது.

புற்று கட்டுவித்த இழையம்

முதலாவது துண்டு செதிற்கலப் புற்று (மேலணிக் கலங்களில் எழும் புற்று), மிதமாக வேறுபட்டது, அதாவது மூல மேலணியின் சாயலை ஓரளவே காட்டுவது. கலங்களின் உருவத்தை ஹீமடொக்சிலின்–இயோசின் என்ற வழமையான சாயம் காட்டிவிடும். அவற்றைச் சூழ்ந்த இழையத்துக்கு இரு கூடுதல் வழிகள் கையாளப்பட்டன.

முதலாவது, கொலாஜனுக்கு ஏறும் பிக்ரோ சிரியஸ் ரெட் சாயம். சிரியஸ் ரெட் எவ் 3 பி சாயம் 0.5 கிராமை நீரிற் கரைத்த நிரம்பிய பிக்ரிக் அமிலம் 500 மில்லிலீற்றரில் கரைத்து, மெழுகு நீக்கிய வெட்டுமுகத்தை ஒரு மணித்தியாலம் அதில் வைக்க வேண்டும். கழுவுவது குழாய்நீரில் அல்ல. லீற்றருக்கு 5 மில்லிலீற்றர் அசற்றிக் அமிலம் சேர்த்த நீரில் இருமுறை. குழாய்நீர் சாயத்தை இழுத்துக்கொண்டு போய்விடும். பிறகு தூய அற்ககோலில் மூன்று தரம். பிக்ரிக் அமிலப் பொடியை எப்போதும் நீரில் நனைந்தபடியே வைத்திருக்க வேண்டும். காய்ந்தால் வெடிக்கும், வெப்பமான களஞ்சிய அறைகளில் இதை யாரும் மறக்கக் கூடாது.

முனைவாக்கிய ஒளியில் நார்ப்பெருக்கத் துண்டு ஒரே செம்மஞ்சளாக எரிந்தது. தடித்து நெருங்கிய நார்கள் அப்படித்தான் தெரியும். புற்றுத் துண்டு அப்படி இல்லை. புற்றுத் தீவுகளை ஒட்டி, பச்சையும் மஞ்சளுமாக மெல்லிய தளர்ந்த நார்கள். அவற்றுக்கு வெளியே திடீரென்று செம்மஞ்சள் கற்றைகள். சில இடங்களில் அந்தக் கற்றைகள் தீவின் ஓரத்துக்குச் சமாந்தரமாக ஓடாமல், செங்குத்தாக வெளிநோக்கி நின்றன. அவற்றின் வழியே சிறு சிறு கூட்டமாகக் கலங்கள் நகர்ந்திருந்தன. நேராக்கிய நார்கள் கட்டியின் ஓரத்துக்குச் செங்குத்தாக நிற்பது மார்பகப் புற்றில் மோசமான போக்கோடு சேர்ந்து வருவது 2011இல் காட்டப்பட்டது. வாய்க்கு அதே எண்ணிக்கைகளை எடுத்துப் பொருத்தக் கூடாது, ஆனால் எங்கே தேடவேண்டும் என்பதை அது சொல்கிறது.

இந்த நிறங்களை “சிவப்பு முதலாம் வகை, பச்சை மூன்றாம் வகை” என்று வாசிக்கும் பழக்கம் பரவலாக உண்டு. அது சரியல்ல. நிறம் நாரின் தடிப்பையும் நெருக்கத்தையும் சொல்கிறது. வகையைச் சொல்லப் பிறபொருளெதிரி (குறித்த ஒரு புரதத்தில் மட்டும் ஒட்டுவது) வேண்டும். வெட்டுமுகம் 4 மைக்ரோமீற்றரா 6 மைக்ரோமீற்றரா என்பதே நிறத்தை மாற்றிவிடும். ஆகவே ஒப்பிடும் துண்டுகள் எல்லாம் ஒரே தடிப்பில், ஒரே தொட்டியில், ஒரே நாளில் சாயமிடப்பட வேண்டும். இன்னொன்று: முனைவாக்கியின் திசையில் கிடக்கும் நார் இருளாகவே தெரியும். மேடையை 45 பாகை சுழற்றிப் பார்க்காதவர் அந்த இடத்தில் கொலாஜனே இல்லை என்று எழுதிவிடுவார்.

இரண்டாவது வழி பிறபொருளெதிரிச் சாயங்கள். நான்காம் வகைக் கொலாஜனின் கோடு புற்றின் முன்னரங்கில் துண்டுதுண்டாக இருந்தது, சிறு கலக்கூட்டங்களைச் சுற்றி அறவே இல்லை. லமினின் 332இன் காமா 2 சங்கிலி நேர்மாறு. நல்ல இழையத்தில் அது அடித்தள மென்சவ்வில் மெல்லிய கோடாக இருக்கும், இங்கே முன்னரங்குக் கலங்களின் குழியவுருவுக்குள் நிறைந்திருந்தது. ஊடுருவும் கலத்தின் அடையாளமாக இதை நம்பிப் பார்க்கலாம். டெனாசின் சி என்ற புரதம் நல்ல வாயில் மேலணியின் கீழே மங்கலாகத் தெரிவது. புற்றுத் தீவுகளைச் சுற்றி அடர்த்தியாகப் படிந்திருந்தது. முளையப் பருவத்தில் மிகுந்து, வளர்ந்தவரின் இழையத்தில் அரிதாகிவிடும் பைப்ரோனெக்டின் என்ற புரதத்தின் வடிவங்களும் புற்றில் திரும்பி வருகின்றன. டெக்கோரின் குறைந்து வேர்சிக்கன் என்ற புரதம் கூடுவது பல புற்றுகளில் காணப்படும் மாற்றம். சில புற்றுகளில் புற்றுக்கலங்களே முதலாம் வகைக் கொலாஜனை மூன்று அல்பா 1 சங்கிலிகளால் பின்னுகின்றன. அந்தப் புரியை வெட்டும் நொதியங்கள் எளிதில் உடைப்பதில்லை.

இவற்றில் பெரும்பகுதியைச் செய்பவை தூண்டப்பட்ட நார் அரும்பர்கள். அல்பா மழமழப்புத்தசை அக்டினுக்குச் சாயமிட்டால் அவை தெரியும்: நல்ல சீதமென்சவ்வில் குருதிக்கலன் சுவர்கள் மட்டும் கபிலமாகும், இங்கே புற்றுத் தீவுகளைச் சுற்றிக் கதிர்வடிவக் கலங்கள் வளையமாக நின்றன. அவை ஒருபுறம் கொலாஜனைக் கட்டி இழுத்து நேராக்குகின்றன. மறுபுறம் அவையும் புற்றுக்கலங்களும் விடும் எம்.எம்.பி. 1, 2, 9, 14 ஆகிய வெட்டும் நொதியங்கள் வழியை வெட்டுகின்றன. புற்றின் ஓரத்தில் ஆக்கமும் அழிவும் அருகருகே நடக்கின்றன. நார்ப்பெருக்கத்தில் ஆக்கம் மேலோங்கி, அழிவு அடங்கிக் கிடக்கிறது. இரு துண்டுகளுக்கும் இடையே இந்த ஆய்வு கண்ட மையமான வேறுபாடு இதுதான்.

இறுகிய சூழல் கலத்துக்குள்ளும் செய்தி அனுப்பும். கலத்தின் மேற்பரப்பிலுள்ள இன்ரகிரின்கள் என்ற புரதங்கள் விறைப்பை உணர்ந்து பெருக்கத்தைத் தூண்டும் பாதைகளைத் திறக்கின்றன. எலியின் மார்பில் நல்ல இழையத்தின் விறைப்பு ஏறத்தாழ 0.17 கிலோபஸ்கால், கட்டியில் ஏறத்தாழ 4 என 2005இல் அளக்கப்பட்டது. லைசில் ஒக்சிடேசைத் தடுத்தபோது கட்டியின் வளர்ச்சி தளர்ந்ததை 2009இல் காட்டினார்கள். பாக்கு மெல்பவரின் கன்னத்தில் அந்த நொதியம் புற்று வருமுன்பே கூடிவிட்டிருக்கிறது. அதனாலேயே நார்ப்பெருக்கத்தைப் புற்றிலிருந்து பிரித்து வெறும் “வாய் திறக்காத வருத்தம்” என்று ஒதுக்கிவிட முடியாது.

ஏமாற்றக் கூடியவை

கூர்ப்பல் உரசி வந்த சாதாரணப் புண்ணிலும் ஆறும் காலத்தில் டெனாசின் சி கூடும், முளையப் பைப்ரோனெக்டின் வரும், அக்டின் கொண்ட நார் அரும்பர்கள் நிறையும். காயம் ஆறும்போது ஓயும் வேலையைப் புற்று ஓயவிடுவதில்லை; புரதங்கள் பெரிதும் அதே புரதங்கள்தாம். ஆகையால் தொடுப்பிழையச் சாயங்களை மட்டும் வைத்துப் புற்று என்று எழுதவே கூடாது. முடிவு மேலணிக் கலங்களிலும் ஊடுருவலிலும் இருந்துதான் வர வேண்டும்.

நான்காம் வகைக் கொலாஜன் “இல்லை” என்ற முடிவும் எச்சரிக்கை வேண்டியது. போமலினில் மறைந்த அந்தப் புரதத்தை வெளிக்கொணரப் பெப்சின் போன்ற நொதியத்தால் செரிக்கவிட வேண்டும். குறைந்தால் சாயம் ஏறாது. கூடினால் மென்சவ்வே கரைந்துபோகும். இரண்டும் பார்வைக்குப் புற்று மென்சவ்வை உடைத்ததுபோலவே இருக்கும். அதே வெட்டுமுகத்திலுள்ள குருதிக்கலன்களின் மென்சவ்வு தெளிவாக ஏறியிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஏறாத வெட்டுமுகத்தை வாசிக்கவே கூடாது. சாய்வாக வெட்டுப்பட்ட மேலணியும், அடர்ந்த அழற்சியும்கூடக் கோட்டை முறித்துக் காட்டும்.

சிகிச்சையில் இது எங்கே பயன்பட்டது

நார்ப்பெருக்கத்துக்கு ஐயலுரோனிடேஸ் என்ற நொதியமும் ஸ்ரெரொயிட்டும் கன்னத்தில் ஊசியாகப் போடுவது வழக்கம். புற்று என்ற ஐயம் உள்ள கன்னத்தில், பயொப்சி முடிவு வருமுன் அதைப் போடக் கூடாது. ஐயலுரோனிடேஸ் இழையத் தடையைக் கரைக்கும் மருந்து. மயக்கமருந்து நிபுணருக்கும் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 24 மில்லிமீற்றர் திறப்புக்குள் வழமையான முறையில் சுவாசக் குழாய் செலுத்துவது கடினம். விழித்த நிலையில் மூக்குவழியே வளையும் நோக்கியோடு செலுத்தத் திட்டமிட வேண்டும்.

1 சென்ரிமீற்றர் விளிம்போடு வெட்டியெடுத்த இழையத்தில் ஊடுருவலின் ஆழம் 7 மில்லிமீற்றர். இந்த ஆழத்தைப் புண்ணின் மேற்பரப்பிலிருந்து அளக்கக் கூடாது. பக்கத்திலுள்ள நல்ல மேலணியின் அடித்தள மென்சவ்வை ஒரு கிடைக்கோடாக நீட்டி, அதிலிருந்து புற்றின் அடியாழம் வரை நேர்குத்தாக அளக்க வேண்டும். நான்காம் வகைக் கொலாஜன் சாயம் இந்தக் கோட்டை ஐயமில்லாமல் காட்டியது. 18 மில்லிமீற்றர் அகலத்தை மட்டும் பார்த்தால் அது ரி 1 (கட்டியின் அளவைக் குறிக்கும் படிநிலை). ஆழம் 5ஐத் தாண்டியதால் 2018இல் நடைமுறைக்கு வந்த வகைப்படுத்தலின்படி ரி 2. கழுத்தில் கணு தட்டுப்படாவிட்டாலும் முதலாம் முதல் மூன்றாம் மட்டம் வரையான கணுக்கள் நீக்கப்பட்டன. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2015இல் வெளியிட்ட சோதனையில், முன்கூட்டியே கழுத்துக் கணுக்களை நீக்கியோரில் 80 வீதத்தினர் மூன்றாண்டு உயிர்வாழ்ந்தனர். கணு தோன்றும்வரை காத்திருந்தோரில் அது 67.5 வீதம். இவரது ஒரு கணுவில் சிறு புற்றுப்படிவு இருந்தது. கணுவின் உறையை அது தாண்டவில்லை.

கதிர்வீச்சு தேவையா என்பதைப் பல்துறைக் கூட்டம் முடிவு செய்யும். வழமையான அளவு ஆறு கிழமைகளில் 30 தடவையாக 60 கிரே. கதிர்வீச்சும் ரி.ஜி.எவ். பீற்றா வழியாக நாரைக் கூட்டும். ஏற்கெனவே இறுகிய கன்னம் மேலும் இறுகும். பிடுங்க வேண்டிய பற்களைக் கதிர்வீச்சுக்கு இரண்டு கிழமைக்கு முன்பே பிடுங்கிவிட வேண்டும். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ மகரகமப் புற்றுநோய் வைத்தியசாலைக்கோ போய்த் தங்கிச் சிகிச்சை பெறுபவர் வாய்ப் பயிற்சியைத் தொடங்குவது திரும்பி வந்த பிறகு அல்ல, போகும் முன்பே. ஐஸ்கிறீம் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கிடையே வைத்து, நாளுக்குப் பல தடவை, தாங்கும் அளவுக்கு ஒவ்வொன்றாகக் கூட்டுவது வீட்டிலேயே செய்யக் கூடியது.

முதல் ஆண்டில் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கொரு தரம் பார்வையிடும்போது, வாய்த்திறப்பை அதே பற்களுக்கிடையே, அதே கருவியால் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். மெல்ல மெல்லக் குறைந்தால் அது பெரும்பாலும் நார். சில கிழமைகளில் திடீரெனக் குறைந்தால், அல்லது இரண்டு கிழமை தாண்டியும் ஆறாத புண்ணோ சிவந்த திட்டோ வந்தால், மறுபடியும் பயொப்சி. அப்போது ஆய்வுகூடம் முதல் தடவையின் பரபின் கட்டையிலிருந்தும் (மெழுகில் பதித்துச் சேமித்த துண்டிலிருந்தும்) புதிதாக வெட்டி, இரண்டையும் ஒரே தொட்டியில் சாயமிட வேண்டும். அதனால் விண்ணப்பப் படிவத்தில் பழைய கட்டையின் இலக்கம், கதிர்வீச்சு முடிந்த திகதி, பாக்கு இன்னும் மெல்கிறாரா இல்லையா ஆகிய மூன்றும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.